திருக்கைக்கு வால் இல்லை என்று நான் சொன்ன நாள்

திருக்கை மீனுக்கு வாலே கிடையாது என்று, மண்டபம் நிறைந்த கிழவர்களுக்கும் கிழவிகளுக்கும் முன்னால் எழுந்து நின்று அடித்துச் சொன்னவள் நான். சொல்லும்போது எனக்குத் துளியும் தயக்கம் இருக்கவில்லை. கேள்வியே பிழை என்றும் சேர்த்துச் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு இருப்புக் கொள்ளாது.

மருதமுனையில் எங்கள் முதியோர் சங்கம் மாதத்துக்கு ஒரு தடவை கூடும். மண்டபத்தில் ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள், நடுவில் ஒரு மின்விசிறி. முதலில் பிரஷர் பார்ப்பார்கள். பிறகு யாராவது வந்து உப்பைக் குறையுங்கள், மாவைக் குறையுங்கள் என்று பேசுவார்கள். நாங்கள் நித்திரை கொள்வோம். கடைசியில் சீனி போடாத தேத்தண்ணீர் தருவார்கள், அதற்கு எழும்புவோம்.

பிரஷர் பார்க்க வருபவர் கல்முனையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தாதி, மெதடிஸ்த சபைக்காரர். நாங்கள் எல்லோரும் அவரை மிஸி என்றுதான் கூப்பிடுவோம். வார்ட்டையே கட்டி ஆண்ட குரல் அவருக்கு. போன வருடம் ஒரு கூட்டத்துக்குப் பேச்சாளர் வரவில்லை. எங்கள் கண்கள் சொருகத் தொடங்கியதை மிஸி பார்த்துவிட்டார். போனைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“இண்டைக்கு ஒருத்தரும் நித்திர கொள்ள ஏலாது. மீனப் பத்திக் கேள்வி கேக்கப் போறன். ஆம்புளைகள் ஒரு கட்சி, பொம்புளைகள் ஒரு கட்சி. கட்சிக்கு ஒரு தலைவர். தலைவர் செல்றதுதான் பதில்.”

மீன் என்றதும் மண்டபம் விழித்துக்கொண்டது. எங்கள் கரையில் மீனைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத மனிதர் இன்னும் பிறக்கவில்லை. ஆண்கள் தங்கள் தலைவராக ஒரு காலத்தில் கரைவலைத் தோணி வைத்திருந்தவரைத் தெரிவு செய்தார்கள். தோணி போய் எத்தனையோ காலம், ஆனால் ஊருக்கு அவர் இன்றைக்கும் முதலாளிதான். பெண்கள் என்னைப் பிடித்துத் தள்ளினார்கள்.

“டீச்சர் இரிக்காவே! மறுகா என்ன?” என்றார் என் பக்கத்து வீட்டு ராத்தா.

நான் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவள். வகுப்புச் சுவரில் மீன் படம் மாட்டி, இது செவுள், இது செட்டை, இது வால் என்று கோலால் தொட்டுக் காட்டியவள். எனக்குத் தெரியாத மீனா என்ற திமிர் எனக்கு இருந்தது, மறைப்பானேன்.

என் கணவர் எதிர்க்கட்சியில், இரண்டாம் வரிசையில், கால் மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் மீன் விஷயத்தில் கிரீடம் உண்டு. கலியாணம் முடித்த நாளில் இருந்து எங்கள் வீட்டுக்கு மீன் வாங்குகிறவர் அவர்தான். இப்போது சந்தையில் நின்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார். “செவுளத் தூக்கிக் காட்டுங்க” என்பேன். தூக்கிக் காட்டுவார். “ஓம், எடுங்க” என்பேன். எங்கள் இல்லறம் இப்படித்தான் நவீனமாகியிருந்தது.

போட்டி தொடங்குமுன் முதலாளி கேட்டார். “நாங்க வெண்டா என்ன தருவீங்க?”

“வட்டிலப்பம்” என்றோம்.

“நீங்க வெண்டா?”

அந்த இடத்தில் என் வாய் என்னைக் கேட்காமல் பேசிவிட்டது. “நாங்க வெண்டா எங்களக் கரவலைக்குக் கூட்டிப் போகணும். வலை இழுக்கிற நேரத்துக்கு. மீன நாங்களே தெரிஞ்சி எடுப்பம்.”

ஆண்களில் ஒருவர் பந்தயம் கட்டுவது ஹராம் என்றார். இது பந்தயம் இல்லை, தோற்றவர் அன்பாகத் தரும் ஹதியா என்று ராத்தா திருத்தினார். இன்னொருவர், பொம்புளைகளுக்குக் கரையில் என்ன வேலை என்றார்.

என்ன வேலை என்று அவருக்கு எப்படிச் சொல்வது? நான் பிறந்து வளர்ந்த வீட்டில் இருந்து பார்த்தால் தென்னைகளுக்கு அந்தப் பக்கம் கடல். விடியச் சுபஹுத் தொழுதுவிட்டுக் கிடந்தால் வலை இழுப்பவர்களின் சத்தம் காற்றில் வரும். எல்லோரும் சேர்ந்து மூச்சைக் கட்டி இழுத்து, ஒன்றாக விடும் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஓட வேண்டும் போல் இருக்கும். சின்ன வயதில் வாப்பாவிடம் கேட்டேன். வளர்ந்தாப் பிறகு கணவரிடம் கேட்டேன். “அங்க என்ன இரிக்கி பாக்க? மீன்தானே. அது வீட்டுக்கு வரத்தானே போகுது” என்றார். பின்னேரத்தில் காற்று வாங்கக் கூட்டிப் போவார். பின்னேரம் அங்கே கடலும் கச்சான் கடலை விற்பவரும்தான் இருப்பார்கள். வலை மடியில் துள்ளும் மீனை நான் இந்த வயது வரைக்கும் கண்டதில்லை. நானே பார்த்து, இதுதான் வேண்டும் என்று கை நீட்டி ஒரு மீனை எடுத்ததும் இல்லை. ஆசை என்றால் அப்படி ஓர் ஆசை எனக்கு.

மிஸி தொண்டையைச் செருமினார். “மீன் நித்திர கொள்ளக்குள்ள கண்ண மூடுமா, மூடாதா?”

“மூடும்!” என்றார் முதலாளி, கேட்டு முடிக்குமுன்.

ராத்தா என் காதில் சொன்னதை நான் உரக்கச் சொன்னேன். “மூடுறதுக்கு இமை எங்க இரிக்கி? வெட்டுற நேரமும் நம்மளத்தானே பாத்துக்கிட்டுக் கிடக்குது!”

சரி என்றார் மிஸி. எங்கள் பக்கம் எழும்பிய ஆரவாரத்தில் மின்விசிறியின் சத்தம் கேட்கவில்லை. பிரஷர் மாத்திரை போட்டவர்கள் கைதட்டினார்கள், முழங்கால் வலிக்காரர்கள் எழுந்து நின்றார்கள்.

அடுத்தது கணவாய்க்கு எத்தனை இதயம் என்ற கேள்வி. கணவாயைக் கழுவிக் கழுவி மைக்கறை பிடித்த கைகள் எங்களுடையவை, ஆனால் இதயத்தை யார் தேடிப் பார்த்தார்கள்? ஹராம் என்று சொன்ன அந்தப் பெரியவர், எங்கே கேள்விப்பட்டாரோ, மூன்று என்று முதலாளிக்கு எடுத்துக் கொடுத்தார். அதுதான் சரி. மிஸி கூடவே அதன் இரத்தம் நீல நிறம் என்றும் வாசித்தார். “ஒரு இதயத்த வெச்சிக்கிட்டே நாங்க கிளினிக்குக்கு அலையிறம். மூணு இரிந்தா?” என்றார் ராத்தா. ஆண்களும் சிரித்துவிட்டார்கள்.

வயிற்றில் பிள்ளை சுமக்கும் ஆண் மீன் எது என்று மிஸி கேட்டபோது ஆண்கள் கட்சி பதில் சொல்லவே மறுத்தது. அப்படி ஒரு மீனை அல்லாஹ் படைக்கவில்லை என்று முதலாளி தீர்ப்பே கொடுத்தார். எனக்கு ஒரு பிள்ளைகள் புத்தகத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. “கடல்குதிர!” என்று கத்தினேன். சரி! பெண் முட்டையை ஆணின் வயிற்றுப் பையில் விட்டுவிட்டுப் போய்விடுமாம், சுமப்பதும் பெறுவதும் ஆண்தானாம். எங்கள் பக்கத்தில் சிரித்துச் சிரித்து ஒருவருக்கு இருமல் வந்து மிஸி தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

“அந்த மீன்ட விலாசத்தத் தாங்க மிஸி. நம்மட ஆக்களக் கொஞ்ச நாளைக்கு அங்க அனுப்புவம்” என்றார் ராத்தா.

ஆண்கள் விட்டுவிடவில்லை. பெண்ணாக இருந்து, வயது போனாப் பிறகு ஆணாக மாறும் மீன் எது என்றதற்கு, கலவாய் என்று முதலாளி அலட்டிக்கொள்ளாமல் சொன்னார். அதுவும் சரி. மீனின் வயதை எதில் பார்க்கலாம் என்றதற்கு அவர் செதில் என்றார், நான் தலைக்குள் இருக்கும் கல் என்றேன். கத்தாளைத் தலையைச் சப்பிச் சாப்பிடும்போது பல்லில் கடிபடுமே, அந்த வெள்ளைக் கல். ஒரே கூச்சல். மிஸி போனைப் பார்த்துவிட்டு, மரத்தின் வளையம் மாதிரி இரண்டிலும் வளையம் இருக்கும், இரண்டுமே சரி என்றார். இரு கட்சியும் சமநிலை. ஒரே ஒரு கேள்விதான் மிச்சம்.

மனசுக்குள் நான் ஏற்கெனவே கரையில் நின்றேன்.

“கடைசிக் கேள்வி. முதல்ல பொம்புளைகளுக்கு. திருக்க மீன் தன்ட வால எதுக்குப் பாவிக்கும்?”

நான் எழுந்தேன். பெண்களைத் திரும்பிப் பார்த்தேன். அவர்கள் முகத்திலும் என் முகத்தில் இருந்த அதே ஆச்சரியம்தான். திருக்கைக்கு வாலா? பிள்ளை பெற்றவளுக்குத் திருக்கைச் சுண்டல் கொடுக்காத வீடு எங்கள் ஊரில் இல்லை. எத்தனை திருக்கை வெட்டியிருப்போம்! அகன்ற செட்டை இருக்கும், வெள்ளை வயிறு இருக்கும், பின்பக்கம் கட்டையாக முடிந்துவிடும். வால் எங்கே இருக்கிறது?

“திருக்கைக்கு வாலே இல்ல மிஸி” என்றேன். “கேள்வியே புழ.”

“ஓம்! வால் இல்ல!” என்று என் கட்சி முழுவதும் ஒரே குரலில் சொன்னது.

ஆண்கள் பக்கம் வெடித்த சிரிப்பை நான் மவுத்தாகும் வரைக்கும் மறக்கமாட்டேன். முதலாளி தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். என் கணவர் சிரித்த சிரிப்பில் பல்செட்டு நழுவி, கையால் பிடித்துக்கொண்டார். மிஸி போனைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். உடம்பைவிட நீளமாக, சவுக்கு மாதிரி ஒரு வால். ஆஸ்பத்திரியில் அவர் அதன் அடி பட்டவர்களுக்கு மருந்து கட்டியிருக்கிறாராம். காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு பெரிய பெரிய ஆண்கள் உம்மா என்று அழுவார்களாம்.

“அதில விச முள்ளு இரிக்கி டீச்சர்” என்றார் முதலாளி, மூச்சு வாங்கிக்கொண்டு. “வலையில கண்ட உடனே, கைய வைக்க முந்தி, வால நறுக்கி மண்ணுக்குள்ள தாட்டுருவம். ஊருக்குள்ள வால் வாறல்ல.”

ஆண்கள் வென்றார்கள், என் மானம் கப்பலேறியது. ஆனால் அதைவிடக் கரை கைவிட்டுப் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. அழுகை வந்தது. கிழவி ஒருத்தி மீனுக்காக அழுதாள் என்று ஊர் சொல்லும் என்று விழுங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் த்ரீவீலில் என் கணவர் சிரித்தபடியே வந்தார். வீட்டுக்கு வந்தும் அவர் விடவில்லை.

“ஏன் புள்ள, இத்தன வருஷமா திருக்க ஆக்கினியே, ஒரு நாளாவது யோசிச்சியா, இதுக்கு வால் எங்க எண்டு?”

“யோசிக்கிறதுக்கு நான் என்னத்தக் கண்டன்?” என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “நீங்க கொண்டு வந்து தந்ததத்தான் கண்டிரிக்கன். நீங்க வெட்டிக் கொண்டு வந்தா வெட்டினது, முழுசாக் கொண்டு வந்தா முழுசு. நான் ஒரு மீனுக்கு வால் இரிக்கா இல்லயா எண்டு தெரியாம மவுத்தாகப் போறன். கடல் இஞ்ச கிடக்குது. சுனாமியில அது ஒரு தரம் இந்த வீட்டுக்குள்ளயே வந்து போச்சி. அதுட வாசலுக்கு நான் போகக் கூடாதா?”

அவர் சிரிப்பு நின்றது. தொழப் போகிறேன் என்று எழுந்து போனார்.

மறுநாள் சுபஹுத் தொழுகை முடிந்து பள்ளியில் இருந்து வந்தவர் வழமைபோலப் படுக்கவில்லை. வாசலிலேயே நின்றார்.

“அபாயாவப் போடு. தோணி வலை வளைக்கப் போயிட்டு.”

எனக்குக் கை கால் ஓடவில்லை. ஸ்கார்பைத் தலைகீழாகச் சுற்றினேன், அவிழ்த்துத் திரும்பச் சுற்றினேன். ராத்தாவுக்கு போன் எடுத்தேன். “வாங்ககா, கரைக்குப் போறம்!” என்று சொன்னதுதான் தாமதம், அவர் யார் யாருக்கோ எடுத்திருக்கிறார். நாங்கள் கரைக்குப் போகும் ஒழுங்கையால் இறங்கும்போது முன்னாலும் பின்னாலும் கறுப்பு அபாயாக்கள், கைகளில் மீன் பைகள். முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு படுத்திருந்தவர்கள் எல்லாம் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். என் கணவர் அந்தக் கூட்டத்தைப் பார்த்து, “நான் ஒராளத்தானே கூப்பிட்டன்” என்று முணுமுணுத்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கரையில் வலை பாதி வந்திருந்தது. தோணி வலையைக் கடலில் அரைவட்டமாக விரித்துவிட்டு வந்துவிடும். அதன் இரண்டு கயிறுகளையும் மண்ணில் நின்று இழுப்பார்கள். நாங்கள் கிட்டப் போனதும் இழுப்பவர்கள் எங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். வலையை நடத்தும் மனிதர் கையை நீட்டித் தடுத்தார்.

“பொம்புளைகள் வலைக்குக் கிட்ட வாறல்ல. அங்கால போங்க.”

இவ்வளவு தூரம் வந்தும் கடைசி அடியில் திருப்பி அனுப்பப் போகிறார்கள். என் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைத் தாண்டி முன்னால் போனார்.

“நான்தான் கூட்டி வந்தன்” என்றார். “எங்கட வீட்டு ஆக்கள். பாத்துட்டு, மீன் வாங்கிட்டுப் போவாங்க. நீங்க இழுங்க.”

தோணிக்குப் பின்னால் இருந்து முதலாளி வந்தார். அவர் ஒவ்வொரு காலையிலும் அங்கேதான் நிற்பாராம். என்னைக் கண்டதும் அவருக்கு நேற்றைய சிரிப்பு திரும்ப வந்துவிட்டது. “இழுங்கடா! மீன் எல்லாம் இவங்கட சட்டிக்குத்தானே போகப் போகுது” என்றார். வலைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு ஒதுங்கினார். இழுப்பு மறுபடியும் தொடங்கியது.

அல்லாஹ்வே, அந்தக் காட்சி! இத்தனை காலம் காதால் மட்டும் கேட்ட சத்தம் என் கண்முன்னால் மனிதர்களின் முதுகுகளில் இருந்து வந்தது. வலை கிட்டக் கிட்ட வர, மேலே காகங்கள் கூடின. மடி என்று சொல்லும் அந்தப் பெரிய பை அலைக்குள் தெரிந்தபோது தண்ணீர் கொதிப்பது போல் இருந்தது. கடைசி இழுவையில் ராத்தா கயிற்றின் வாலைப் பிடித்துவிட்டார். அவரைப் பார்த்து நானும் பிடித்தேன். நாங்கள் இழுத்ததால் ஒரு விரற்கடைகூட வந்திருக்காது, ஆனால் நாங்கள் இழுத்தோம். அபாயா முழங்கால் வரைக்கும் நனைந்தது. மடி மண்ணில் ஏறி அவிழ்ந்தபோது நான் கத்தியே விட்டேன். வெள்ளி, நீலம், மஞ்சள் என்று எல்லா நிறமும் துள்ளின. சட்டிக்கு வரும் மீனுக்கு இந்த நிறமெல்லாம் இருந்ததை நான் அறிந்தே இருக்கவில்லை.

பெண்கள் எல்லோரும் குனிந்து ஒரே பொருளைத்தான் தேடினோம். இல்லை. அன்றைக்கு வலையில் ஒரு திருக்கைகூடப் படவில்லை.

“அப்ப வால் பாக்கிற வரைக்கும் வரத்தான் வேணும்” என்றார் ராத்தா, வலைக்காரரின் முகத்துக்கு நேரே.

என் கணவர் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். “எது வேணும்? நீயே எடு.”

நான் பாரையைத் தாண்டினேன், விளைமீனைத் தாண்டினேன். அவை எங்கள் வீட்டுக்குத் தவறாமல் வருபவை. எங்கள் ஊர் வழக்கப்படி கலியாணம் முடித்து அவர்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆனால் அன்றைக்கே மீன் மட்டும் அவருடைய உம்மா வீட்டு நாக்குக்கு மாறிவிட்டது. வாட்ஸ்அப்பில் செவுளைத் தூக்கிக் காட்டியதெல்லாம் அவர் முதலிலேயே தெரிந்தெடுத்து வைத்த மீனுடைய செவுள்தான். குவியலின் ஓரத்தில், ஊசி மாதிரி நீண்ட வாயோடு, முரல் கிடந்தது. வாப்பா வாங்கி வருவார். பொரித்தால் அப்படி ஒரு வாசம். நான் கடைசியாகச் சாப்பிட்டது கலியாணத்துக்கு முந்தி.

இரண்டு கையாலும் அள்ளினேன். வழுக்கிற்று, விடவில்லை.

“முரலா?” என்றார் அவர். “இத நம்மட வீட்டில ஒருத்தரும் தின்றல்லியே. ஒனக்குப் புடிக்குமா?”

“சரியான விருப்பம்.”

“ஒரு நாளும் செல்லல்லியே புள்ள.”

“நீங்க ஒரு நாளும் கேக்கல்லியே.”

அவர் பையை இன்னும் கொஞ்சம் அகல விரித்தார். நான் மீனைப் போட்டேன், இன்னும் அள்ளினேன். சந்தோசத்தில் எனக்கு வாய் ஓயவில்லை.

“நான் ஒரு கேள்வி கேக்கட்டா? முரலுட முள்ளு என்ன நிறம்?”

“வெள்ளதான். மீன் முள்ளு வேற என்ன நிறத்தில இரிக்கும்?”

“வல்லாஹி, பச்ச!” என்றேன். “இலைப் பச்ச.”

அவர் நம்பாமல் முதலாளியைப் பார்த்தார். முதலாளி ஓம் என்று தலையாட்டினார். என் கணவர் பைக்குள் குனிந்து, நான் போட்ட மீனை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.